ஜெரோம் டிசௌசா அடிகளார்: கல்விப் பணியும் சட்டப் பணியும்

ஒரு சமுதாயத்தின் கல்விச் சங்கம் வெளியிடும் வெள்ளி விழா மலரில், அச்சமுதாயத்தில் பிறந்த பெரியோரின் வரலாறுகளே இடம்பெறுதல் இயல்பு. அண்ணல் அம்பேத்கர், அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி.ராஜா ஆகியோரின் வாழ்க்கையை நம் இளைஞர்கள் ஓரளவு அறிவார்கள். அறிந்திருத்தல் அவர்தம் கடமையும் ஆகும். ஆயினும், நம்மிடையே பிறவாதவராய், நம் வாழ்வைத் தொட்ட தீர்மானங்களில் பங்கு கொண்டவராய் விளங்கிய சிலரையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். அவர்களால் நாம் பெற்றது எது, பெறாதது எது என்று நிறுத்துப் பார்க்கும் அறிவே கல்வியின் பயன். அத்தகையோருள் ஒருவர் சேசு சபைத் துறவியும், திருச்சி, சென்னைக் கல்லூரிகளின் தலைவரும், இந்திய அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினருமாகிய ஜெரோம் டிசௌசா அடிகளார் ஆவார்.

நாகையில் பிறந்த கல்லூரி

அடிகளாரின் வரலாற்றைத் தொடங்குமுன், அவரை உருவாக்கிய கல்லூரியின் வரலாற்றைச் சிறிது கூறுதல் பொருந்தும். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியை இன்று அறியாதார் இல்லை. ஆனால் அக்கல்லூரி முதலில் தோன்றியது திருச்சியில் அன்று. நம் காவிரிப் படுகையின் கடைமடையில் உள்ள நாகப்பட்டினத்தில்தான். 1844ஆம் ஆண்டில் சேசு சபைக் குருக்கள் நாகையில் அதனை நிறுவினர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நாகையிலேயே நடைபெற்று, 1883ஆம் ஆண்டில்தான் அது திருச்சிக்கு மாற்றப்பட்டது. நாகை 1991ஆம் ஆண்டு வரை தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. ஆகவே, தமிழகத்தின் பழம்பெரும் கல்லூரிகளுள் ஒன்று தஞ்சைத் தரணியில் முளைத்தது என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

அப்படிச் சொல்லும்போதே ஒரு வினாவும் எழுகின்றது. அக்கல்லூரி நாகையில் நடைபெற்ற அந்நாற்பது ஆண்டுகளில், அதனைச் சுற்றியிருந்த வயல்களில் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் களத்தில் போரடித்தும் வாழ்ந்த நம் முன்னோரின் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? பண்ணையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். கல்லூரி இருந்த இடத்திற்கும் சேரிக்கும் இடையே இருந்த தொலைவு சில கல் தூரமே. ஆயினும் அதனைக் கடக்க நமக்கு நூறாண்டு ஆயிற்று. இவ்வினாவை உள்ளத்தில் கொண்டு அடிகளாரின் வரலாற்றைப் படித்தல் நலம்.

பிறப்பும் இளமையும்

ஜெரோம் டிசௌசா 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் மங்களூரில் பிறந்தார். அந்நாளில் மங்களூர் சென்னை மாகாணத்தின் தென்கன்னட மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மங்களூர்க் கத்தோலிக்கரின் தாய்மொழி கொங்கணி. அவர்கள் வாழும் நிலமோ துளுவும் கன்னடமும் வழங்கும் நிலம். பள்ளியில் ஆங்கிலம், கோயிலில் இலத்தீன். இவ்வாறு பல மொழிகளின் நடுவே வளர்ந்தமை பிற்காலத்தில் அவருக்குப் பெருந்துணையாயிற்று.

மங்களூரில் இத்தாலி நாட்டுச் சேசு சபையினர் 1880ஆம் ஆண்டில் நிறுவிய தூய அலோசியஸ் கல்விக்கூடத்தில் அவர் பயின்றார். பின்னர் உயர்கல்விக்காகத் திருச்சித் தூய வளனார் கல்லூரிக்கு வந்தார். ஆங்கில இலக்கியத்தில் ஆழ்ந்த புலமையும், மேடையில் தெளிவாகவும் நிதானமாகவும் பேசும் ஆற்றலும் அவரிடம் வளர்ந்தன. பட்டம் பெற்ற இளைஞர்க்கு அரசுப் பதவிகள் காத்திருந்த காலம் அது. அவர் அவ்வழியை நாடாமல், 1920களின் தொடக்கத்தில் சேசு சபையில் சேர்ந்து துறவு பூண்டார்.

துறவும் நெடும் பயிற்சியும்

சேசு சபை என்பது என்ன என்பதை நம் இளைஞர்களுக்குச் சிறிது விளக்குதல் வேண்டும். அதனை நிறுவியவர் இஞ்ஞாசியார் என்னும் ஸ்பானிய நாட்டுப் போர்வீரர். 1521ஆம் ஆண்டு பாம்பலோனா நகரில் நடந்த போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் காலுடைந்து படுத்தபோது அவர் மனம் மாறியது. இறைபணிக்குக் கல்வி வேண்டும் என்று உணர்ந்த அவர், முப்பது வயதைக் கடந்த பின், பார்சிலோனாவில் சிறுவர்களோடு ஒரே பலகையில் அமர்ந்து இலத்தீன் இலக்கணம் கற்றார். பின்னர்ப் பாரிசுப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1540ஆம் ஆண்டில் அவருடைய சபைக்குத் திருத்தந்தையின் ஒப்புதல் கிடைத்தது. முப்பத்து மூன்று வயதில் அரிச்சுவடியைத் தொடங்கியவர் நிறுவிய சபையே உலகெங்கும் பல்கலைக்கழகங்களை நடத்தும் சபையாயிற்று. பத்தாம் வகுப்பில் ஒருமுறை தவறிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணும் நம் பிள்ளைகள் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

அச்சபையில் ஒருவர் குருவாவது எளிதன்று. இரண்டாண்டு நவத் துறவுப் பயிற்சி, அதன்பின் மொழியும் இலக்கியமும், பின்னர் மெய்யியல், பின்னர்ப் பள்ளியிலோ கல்லூரியிலோ ஆசிரியப் பணி, அதன்பின் இறையியல், குருப்பட்டம் பெற்ற பின்னும் மற்றொரு பயிற்சி. இவையனைத்தும் முடியப் பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகள் ஆகும். இடையில் வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வாக்குறுதிகளை அளித்தல் வேண்டும். தமக்கென்று ஒரு காசும் வைத்துக்கொள்ளல் ஆகாது. எங்குச் செல்லப் பணிக்கின்றார்களோ அங்குச் செல்லுதல் வேண்டும். டிசௌசா அடிகளாரும் இப்பயிற்சிகளைப் பெற்றார். இறையியற் கல்விக்காக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். பிரெஞ்சு மொழியைத் தாய்மொழிபோற் பேசும் ஆற்றலோடு திரும்பினார்.

இவ்விடத்தில் மற்றோர் உண்மையையும் மறைத்தல் ஆகாது. பதினேழாம் நூற்றாண்டில் மதுரை மறைத்தளத்தைத் தொடங்கிய இராபர்ட் டி நொபிலி, உயர்குலத்தார்க்கென ஐயராகவே வாழ்ந்தார். பின்னர்த் தாழ்த்தப்பட்டோரிடம் செல்வதற்கெனப் பண்டாரசாமிகள் என்னும் தனிப் பிரிவுக் குருக்கள் ஏற்படுத்தப்பட்டனர். சாதியை அகற்றாமல் அதனோடு இணங்கிச் சமயம் பரப்பிய இம்முறையின் விளைவுகள் நீண்ட காலம் நீடித்தன. கோயிலுக்குள் தனியிடம், கல்லறையில் தனியிடம், தேர் வாராத தெரு என்று நம் கிறித்தவச் சகோதரர்கள் பட்ட துன்பங்கள் பல. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதி பார்த்து மக்களைப் பிரிப்பதற்காகவே இரு கூடங்களாகக் கோயில் எழுப்பப்பட்டதும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கௌசானல் அடிகளார் அத்தடுப்பை இடித்ததும், அதனால் கலகமும் வழக்கும் விளைந்ததும் வரலாறு. டிசௌசா அடிகளார் வந்து சேர்ந்த சபை, இத்தகைய பெருமையும் இத்தகைய குறையும் ஒருங்கே உடையது.

கல்லூரித் தலைமை

பயிற்சி முடித்துத் திரும்பிய அடிகளார், தாம் பயின்ற திருச்சித் தூய வளனார் கல்லூரியிலேயே பணியாற்றி, அங்குத் தலைமைப் பொறுப்பும் ஏற்றார். பின்னர் 1942ஆம் ஆண்டு சென்னை இலயோலா கல்லூரியின் முதல்வரானார். இலயோலா கல்லூரி 1925ஆம் ஆண்டு பெர்த்ராம் அடிகளார் என்னும் பிரெஞ்சுத் துறவியால் தொடங்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளுள் அது விரைவிலேயே முன்வரிசைக்கு வந்துவிட்டது.

1942 என்பது எத்தகைய ஆண்டு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஜப்பானியர் குண்டு வீசுவர் என்னும் அச்சத்தால் அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் சென்னை நகரமே பாதி காலியாயிற்று. ஆகஸ்டு மாதத்தில் வெள்ளையனே வெளியேறு இயக்கம் எழுந்தது. மாணவர்கள் வகுப்புகளை விட்டு வெளியே வந்தனர். அதே ஆண்டில்தான் ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொறுப்பை ஏற்றார். ஒருபுறம் ஆங்கில அரசு, மறுபுறம் விடுதலை வேட்கை கொண்ட இளைஞர், இடையில் வெளிநாட்டாரால் நிறுவப்பட்ட ஒரு கல்லூரி. இந்நிலையில் ஓர் இந்தியத் துறவி அதன் முதல்வராய் இருந்தது காலத்திற்கேற்ற அமைப்பு ஆயிற்று. 1950ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ எட்டாண்டுகள் அவர் அப்பதவியில் இருந்தார். கிறித்தவராய் இருத்தலும் இந்திய நாட்டுப்பற்று உடையவராய் இருத்தலும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதே அவர் தம் வாழ்வால் காட்டிய கருத்து.

அதே 1942ஆம் ஆண்டில்தான் அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் நல உறுப்பினரானார். 1944இல் அட்டவணை வகுப்பு மாணவர்க்கு உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. ஒருபுறம் கல்லூரிகள் வளர்ந்தன; மறுபுறம் அக்கல்லூரிகளுக்குள் நம்மவர் நுழைவதற்கான கதவு சிறிது திறந்தது. இவ்விரண்டும் சேர்ந்தாலன்றி நமக்குப் பயன் இல்லை. கல்லூரி இருந்து உதவித்தொகை இல்லையேல் நம்மவர் வாயிலில் நிற்பர். உதவித்தொகை இருந்து நல்ல கல்லூரி இல்லையேல் பட்டம் வெறுந்தாளாகும்.

அரசியல் நிர்ணய சபையில்

விடுதலை பெறவிருந்த இந்தியாவுக்குச் சட்டம் இயற்ற அரசியல் நிர்ணய சபை 1946ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. அதன் உறுப்பினர்களை மாகாணச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்தன. சென்னை மாகாணத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுள் டிசௌசா அடிகளாரும் ஒருவர். காவி அணியாத, ஆனால் துறவியின் நீள் அங்கி அணிந்த ஒருவர் அச்சபையில் அமர்ந்தது பலருக்கும் புதுமையாய் இருந்திருக்கும்.

அதே சென்னை மாகாணத்திலிருந்து நம் மக்களின் சார்பாளராக வி.ஐ.முனுசாமிப் பிள்ளை, எஸ்.நாகப்பா, தாட்சாயணி வேலாயுதன் ஆகியோரும் அச்சபைக்குச் சென்றனர். தாட்சாயணி வேலாயுதன் அம்மையார், அச்சபையில் இடம்பெற்ற ஒரே தாழ்த்தப்பட்ட சமூகப் பெண்மணி ஆவார். அண்ணல் அம்பேத்கர் முதலில் வங்காளத்திலிருந்தும் பின்னர்ப் பம்பாயிலிருந்தும் தேர்வாகி, 1947 ஆகஸ்டு 29ஆம் நாள் வரைவுக் குழு உறுப்பினராகி அதன் தலைவருமானார். 1946 டிசம்பர் 9ஆம் நாள் முதன்முறை கூடிய அச்சபை, 1949 நவம்பர் 26ஆம் நாள் அரசமைப்புச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஏறத்தாழ மூன்றாண்டுக் கால உழைப்பு அது.

அடிகளார் அச்சபையில் சிறுபான்மையோர் உரிமை பற்றியும், சமய உரிமை பற்றியும், கல்வி உரிமை பற்றியும் பேசினார். எதிர்ப்போரைப் புண்படுத்தாமல் தம் கருத்தை நிலைநாட்டும் பண்பு அவரிடம் இருந்தது. இன்று நம் அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவில், ஒருவர் தம் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை உண்டு என்று உள்ளது. பரப்பும் உரிமையை நீக்கிவிட வேண்டும் என்று அச்சபையில் சிலர் வாதிட்டனர். 1948 டிசம்பர் 6ஆம் நாள் நடந்த விவாதத்தில், கிறித்தவர் அல்லாத கே.சந்தானம், டி.டி.கிருஷ்ணமாச்சாரி, கே.எம்.முன்ஷி போன்றோரே அவ்வுரிமையைக் காத்து நின்றனர். அடிகளார் போன்ற கிறித்தவ உறுப்பினர்கள் முன்னரே தம் நடத்தையால் சபையின் நம்பிக்கையைப் பெற்றிருந்தமையும் இதற்கு ஒரு காரணம் எனலாம். அதற்கு ஒரு வாரம் முன்னர், நவம்பர் 29ஆம் நாள்தான், தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவு அச்சபையில் நிறைவேறியது.

30ஆம் பிரிவு, சிறுபான்மையோர் தாம் விரும்பும் கல்வி நிலையங்களை நிறுவவும் நடத்தவும் உரிமை அளிக்கின்றது. இந்நாட்டில் ஆயிரக்கணக்கான கிறித்தவப் பள்ளிகளும் கல்லூரிகளும் இப்பிரிவின் நிழலிலேயே நிற்கின்றன.

விட்டுக்கொடுத்ததும் இழந்ததும்

இனி, நம் சமுதாயத்தை நேரே தொடும் பகுதிக்கு வருவோம். 1947ஆம் ஆண்டு ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபை, அட்டவணை வகுப்பினர்க்கும் முஸ்லிம்களுக்கும், சில மாகாணங்களில் இந்தியக் கிறித்தவர்களுக்கும் சட்டமன்றங்களில் இடங்களை ஒதுக்குவது என்று முடிவு செய்தது. நாட்டுப் பிரிவினையின் கொடுமைகளுக்குப் பின், சமய அடிப்படையிலான ஒதுக்கீடு நாட்டைப் பிளக்கும் என்னும் எண்ணம் வலுத்தது. 1949ஆம் ஆண்டு மே மாதத்தில், வல்லபாய் படேல் தலைமையிலான ஆலோசனைக் குழுவின் பரிந்துரைப்படி, சமயச் சிறுபான்மையோர்க்குரிய ஒதுக்கீடு நீக்கப்பட்டது; அட்டவணை வகுப்பினர்க்குரியது மட்டும் நிலைத்தது. அதனை மனமுவந்து ஏற்றவர்களுள் டிசௌசா அடிகளாரும் ஒருவர். தனிச் சலுகை வேண்டா, பெரும்பான்மையோரின் நல்லெண்ணத்தை நம்புவோம் என்பது அவர் நிலை.

அம்முடிவு பெருந்தன்மையானது என்று அந்நாளில் போற்றப்பட்டது. கல்வியும் செல்வமும் உடைய கிறித்தவர்க்கு அதனால் இழப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கிறித்தவர் எல்லாரும் ஒரே நிலையினர் அல்லர். தமிழகக் கிறித்தவர்களுள் பெரும் பகுதியினர் தாழ்த்தப்பட்ட மக்களிலிருந்து சமயம் மாறியவர்கள். சமயம் மாறியதால் அவர்களுடைய குடிசை மாறவில்லை, கூலி மாறவில்லை, தெரு மாறவில்லை. கிறித்தவர் என்று ஒரே பெயரால் அவர்களைக் கணக்கிட்டபோது அவர்களுடைய தனித் துன்பம் கணக்கில் வரவில்லை.

இதற்கு அடிகளாரை மட்டும் பொறுப்பாக்குதல் நேர்மையாகாது. ஆங்கிலேயர் காலத்திலேயே, 1936ஆம் ஆண்டு வெளியான அட்டவணை வகுப்பினர் ஆணை, இந்தியக் கிறித்தவர் எவரும் அப்பட்டியலில் அடங்கார் என்று கூறிவிட்டது. 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் வெளியிட்ட ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதார் அட்டவணை வகுப்பினர் ஆகார் என்று வரையறுத்தது. 1956ஆம் ஆண்டு சீக்கியரும் 1990ஆம் ஆண்டு பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் முஸ்லிம்களும் சேர்க்கப்படவில்லை. 2007ஆம் ஆண்டு அறிக்கை அளித்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், அந்த மூன்றாம் பத்தியை நீக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2022இல் நீதியரசர் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டப்பேரவையும் இது குறித்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

அரசுப் பள்ளித் தலைமையாசிரியராய் இருப்போர் இதன் பொருளைச் சேர்க்கைப் பதிவேட்டிலேயே காணலாம். ஒரே தெருவில், ஒரே நாற்றங்காலில் கூலி வேலை செய்யும் இரு குடும்பங்கள். ஒரு வீட்டுப் பிள்ளையின் சான்றிதழில் ஆதிதிராவிடர், அட்டவணை வகுப்பு என்று இருக்கும். அடுத்த வீட்டுப் பிள்ளையின் சான்றிதழில் ஆதிதிராவிடக் கிறித்தவர், பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்று இருக்கும். தமிழக அரசு கல்வி உதவித்தொகையில் மதம் மாறிய ஆதிதிராவிடரையும் சேர்த்துக்கொண்டமை பாராட்டத்தக்கது. ஆனால் அட்டவணை வகுப்பினர்க்குரிய வேலை ஒதுக்கீடும், தேர்தலில் தனித்தொகுதி உரிமையும், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இரண்டாமவனுக்கு இல்லை. இருவரையும் இழிவாய் அழைப்பவன் மட்டும் சமயம் பார்த்து அழைப்பதில்லை. ஆகவே, நம்முள் இந்து என்றும் கிறித்தவர் என்றும் பிரிந்து நிற்றல் நமக்கே கேடு. நம் சங்கம் சமயம் பாராது எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி உதவி செய்வது இக்காரணம் பற்றியே.

உலக அரங்கில்

அடிகளாரின் புலமையும் பேச்சாற்றலும் நாட்டின் எல்லையைக் கடந்தன. இந்திய அரசு அவரை ஐக்கிய நாடுகள் பொதுச் சபைக்கு நான்கு முறை, 1949, 1951-52, 1955, 1957 ஆகிய ஆண்டுகளில், இந்தியக் குழுவின் உறுப்பினராக அனுப்பியது. அவருடைய பிரெஞ்சு மொழிப் புலமை அங்குப் பெரிதும் பயன்பட்டது. ஒரு மொழியை நன்கு கற்றவனுக்கு ஓர் உலகக் கதவு திறக்கும் என்பதற்கு இது சான்று.

மற்றொரு செயல் நம் தஞ்சைப் பகுதியோடு தொடர்புடையது. போர்த்துக்கீசிய அரசுக்கு, இந்தியாவின் சில மறைமாவட்டங்களில் ஆயர்களை நியமிப்பதில் பழைய உரிமை ஒன்று இருந்தது. நம் நாடு விடுதலை பெற்ற பின்னும் அயல்நாட்டு அரசு ஒன்று இங்குள்ள சமயத் தலைவர்களை நியமிப்பதில் தலையிடுவது தகுமா என்னும் வினா எழுந்தது. இந்திய அரசுக்கும் வத்திக்கானுக்கும் இடையே இணக்கம் காணும் முயற்சியில் நேரு அடிகளாரைப் பயன்படுத்திக்கொண்டார். 1950 ஜூலை 18ஆம் நாள் ஏற்பட்ட உடன்பாட்டால், இந்திய நாட்டு எல்லைக்குள் இருந்த அவ்வுரிமையைப் போர்த்துக்கல் கைவிட்டது. அதன்பின், 1952 நவம்பர் 13ஆம் நாள், மயிலை மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து தஞ்சை மறைமாவட்டம் தோன்றியது. வேளாங்கண்ணித் திருத்தலம் இம்மறைமாவட்டத்தைச் சேர்ந்ததே. அதன் முதல் ஆயர் ஆர்.ஏ.சுந்தரம் தமிழரே.

தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அதே 1952ஆம் ஆண்டில்தான். பண்ணையாளை நினைத்தவுடன் விரட்டுவதற்கும், கூலியைத் தன் விருப்பம்போல் அளப்பதற்கும் அச்சட்டம் சிறு தடை விதித்தது. ஒரே ஆண்டில் சமயத்துறையில் ஒரு தளையும் வயலில் ஒரு தளையும் தளர்ந்தன. முதலாவது மேல்மட்டப் பேச்சினால் விளைந்தது. இரண்டாவது செங்கொடியின்கீழ் நம் முன்னோர் அடிபட்டும் சிறைப்பட்டும் பெற்றது.

சமூகக் கல்வி நிலையம்

அடிகளாரின் பணிகளுள் நமக்கு மிகவும் நெருக்கமானது, அவர் 1951ஆம் ஆண்டு புனா நகரில் தொடங்கிய சமூக ஆய்வு நிலையம் ஆகும். சேசு சபையின் உலகத் தலைவராய் இருந்த ஜான்சன்ஸ் அடிகளார், சமூக நீதிப் பணியில் துறவிகள் ஈடுபட வேண்டும் என்று 1949ஆம் ஆண்டு சுற்றறிக்கை அனுப்பினார். அதற்கிணங்கத் தோன்றிய இந்நிலையத்தின் முதல் இயக்குநராக அடிகளார் பணியாற்றினார். தொழிலாளர் நிலை, நில உறவு, கூட்டுறவு, வறுமையின் காரணங்கள் ஆகியவற்றை ஆராய்ந்து, சமூகப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிப்பது அதன் நோக்கம். 1963ஆம் ஆண்டு அது தில்லிக்கு மாற்றப்பட்டு, இந்திய சமூக நிலையம் என்னும் பெயரால் வளர்ந்தது. பிற்காலத்தில் தலித் மக்களின் உரிமை, பழங்குடியினர் நிலம், பெண்கள் உரிமை ஆகியவை பற்றிய ஆய்வுகள் அங்கிருந்து வெளிவந்தன.

உயர்ந்தோர் பிள்ளைகளுக்குக் கல்லூரி நடத்துவதோடு கல்விப் பணி நின்றுவிடுவதில்லை; வறுமையின் காரணத்தை ஆராய்ந்து கூறுதலும் கல்விப் பணியே என்பதை இந்நிலையம் உணர்த்திற்று. ஐம்பது வயதைக் கடந்த பின், பெருங்கல்லூரியின் முதல்வர் பதவியை விட்டு, புதிதாய் ஒரு சிறு நிலையத்தைத் தொடங்க முன்வந்தது அவருடைய துறவின் உண்மையைக் காட்டுகின்றது.

இந்தியக் கிறித்தவச் சபைகளின் பணி அன்னிய ஆதிக்கத்தின் கருவி என்னும் கருத்துப்பட வரலாற்றறிஞர் கே.எம்.பணிக்கர் எழுதியபோது, அதற்கு மறுமொழியாக அடிகளார் ஒரு நூல் எழுதி 1957ஆம் ஆண்டு வெளியிட்டார். சினங்கொண்டு ஏசாமல் சான்று காட்டி மறுத்தல் என்னும் முறையை நம் இளைஞர்கள் இதனின்று கற்கலாம்.

உரோமையும் இறுதிக் காலமும்

1957ஆம் ஆண்டு அடிகளார் உரோமைக்கு அழைக்கப்பட்டார். உலகத் தலைவருக்கு இந்தியா, கிழக்காசியப் பகுதிகள் பற்றி ஆலோசனை கூறும் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. 1968ஆம் ஆண்டு வரை அங்கிருந்தார். 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், கத்தோலிக்கத் திருச்சபையை உலகத்தின் துன்பங்களை நோக்கித் திருப்பியது. கோயிலில் இலத்தீனுக்கு மாற்றாகத் தமிழ் ஒலித்தது அதன் விளைவே. அம்மாறுதலை மிக அருகிலிருந்து கண்டவர் அடிகளார்.

அவர் உரோமைப் பணியை முடித்த அதே 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், கிறித்து பிறந்த நாளின் இரவில், நம் கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட குற்றத்திற்காக நாற்பத்து நான்கு உயிர்கள் குடிசைக்குள் எரிக்கப்பட்டன. அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் கடந்த பின்னும், அதன் ஒளி கடைமடை வரை வந்து சேரவில்லை என்பதற்கு வெண்மணியைவிட வேறு சான்று வேண்டா. சட்டம் எழுதியோர் தம் கடமையைச் செய்தனர். அதனைத் தெருவுக்குக் கொண்டுவருவது படித்தோர் கடமையாய் எஞ்சி நின்றது.

அடிகளார் தமிழகம் திரும்பித் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். 1975ஆம் ஆண்டு நிறைவுற்ற சேசு சபையின் 32ஆம் பொதுப் பேரவை, இறைநம்பிக்கைப் பணியும் நீதிக்கான பணியும் பிரிக்க முடியாதவை என்று முடிவு செய்தது. கால் நூற்றாண்டுக்கு முன் புனாவில் அவர் ஊன்றிய வித்து, சபையின் பொதுக் கொள்கையாய் மலர்ந்ததை அவர் கண்ணாரக் கண்டார். 1977ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள், எண்பது வயது நிறைந்த சில நாட்களில், சென்னையில் மறைந்தார். அவருடைய நூற்றாண்டாகிய 1997இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.

நாம் கொள்ளத்தக்கவை

அடிகளாரின் வாழ்விலிருந்து நம் இளைஞர்கள் கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, பயிற்சியின் நீளம். பதினைந்து ஆண்டுகள் கற்ற பின்னரே அவர் தலைமை ஏற்றார். விரைவில் ஒரு வேலை, விரைவில் ஒரு வருவாய் என்னும் நெருக்கடி நம் வீடுகளில் உண்டு, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும், ஊருக்கு ஒருவரேனும் இறுதி வரை படித்தல் வேண்டும். சட்டம், ஆய்வு, பல்கலைக்கழகப் பேராசிரியர் பணி ஆகியவற்றுக்கு நம் பிள்ளைகளை அனுப்புதல் வேண்டும். அதற்கான செலவைச் சங்கமும் உறவினரும் பகிர்ந்துகொள்ளல் வேண்டும்.

இரண்டாவது, மொழியும் பேச்சும். அரசியல் நிர்ணய சபையில் அடிகளார்க்கும் தாட்சாயணி அம்மையாருக்கும் முனுசாமிப் பிள்ளைக்கும் கருவியாய் இருந்தது கற்ற கல்வியும் கோவையான பேச்சுமே. தமிழில் பிழையற எழுதவும், ஆங்கிலத்தில் அச்சமின்றிப் பேசவும் நம் பிள்ளைகள் பழகுதல் வேண்டும்.

மூன்றாவது, உரிமையைக் கேட்டுப் பெறுதல். சிறுபான்மையோர் கல்வி நிலையங்களுக்கு 30ஆம் பிரிவு உரிமை அளித்தது. 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த 15ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு, மாணவர் சேர்க்கை ஒதுக்கீட்டிலிருந்து அந்நிலையங்களுக்கு விலக்கு அளிக்கின்றது. ஆகவே, அங்கே நம் பிள்ளைகளுக்கு இடம் தருவது சட்டத்தின் கட்டாயத்தினும் மனச்சான்றின் கட்டாயமாகவே உள்ளது. தமிழகச் சேசு சபையினர் அண்மைக் காலங்களில் தலித் மாணவர்க்கு முன்னுரிமை தரும் கொள்கையை மேற்கொண்டுள்ளனர். நம் பெற்றோரோ, பெரிய கல்லூரி நமக்கு எட்டாது என்று எண்ணி விண்ணப்பம்கூட வாங்குவதில்லை. விண்ணப்பிக்காதவனுக்கு எந்தக் கொள்கையாலும் பயன் இல்லை. மதிப்பெண் பெற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் விண்ணப்பம் வாங்கித் தந்து, நிரப்பிக் கொடுத்து, உடன் சென்று சேர்த்துவிட்டு வருவதை நம் சங்க உறுப்பினர்கள் ஆண்டுதோறும் கடமையாய்க் கொள்ளல் வேண்டும்.

டிசௌசா அடிகளார் நம்மவர்க்காகவே வாழ்ந்தவர் என்று மிகைபடக் கூறுதல் உண்மையாகாது. அவர் தம் சமயத்திற்கும் தம் நாட்டிற்கும் தொண்டு செய்தவர். அத்தொண்டின் ஒரு பகுதி நமக்கும் பயன்பட்டது, ஒரு பகுதி நம்மை வந்தடையவில்லை. வந்தடையாத பகுதியைக் கேட்டுப் பெறும் தலைமுறை நம் பள்ளிகளில் இப்பொழுது படித்துக்கொண்டிருக்கின்றது. அத்தலைமுறைக்குப் புத்தகமும் கட்டணமும் ஊக்கமும் தந்து துணை நிற்பதே, வெள்ளி விழாக் காணும் நம் சங்கம் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.